பலாக் கட்டையும் மலைப் பாறையும் ஒரே மேஜையில் நிலைக்குமா?

கேள்வியின் சுருக்கம் இது. ஏற்காட்டில் உங்கள் குடும்பத்துக்கு ஒரு சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. சென்ற மழையில் அங்கே ஒரு பழைய பலா மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. அந்த மரத்தையும், அதே தோட்டத்தில் கிடக்கும் கரும்பாறைத் துண்டு ஒன்றையும் சேர்த்து, பார்ப்பதற்குச் சிற்பம் போன்ற ஒரு மேஜை செய்து, சேலம் அஸ்தம்பட்டி வீட்டுக் கூடத்தில் போட வேண்டும் என்பது ஆசை. ஒரு பட்டறையில் எபாக்சி போட்டு ஒட்டிப் பதினைந்து நாளில் தருவதாகச் சொல்கிறார்கள். எந்தப் பசை நல்லது, எவ்வளவு செலவாகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பசையைப் பற்றிக் கேட்டிருந்தாலும் உங்கள் மனத்தில் இருக்கும் சந்தேகம் வேறு என்று நினைக்கிறேன். இந்த இரண்டு பொருளும் ஒன்றையொன்று உடைக்காமல் இருபது முப்பது ஆண்டு ஒரே மேஜையில் இருக்குமா என்பதுதான் அது. இருக்கும். ஆனால் பசையை நம்பி இருக்காது, பதினைந்து நாளிலும் ஆகாது. நான் மரவேலைக்காரன். கல்லை எனக்காக அறுத்தும் பொளிந்தும் தருகிறவர்கள் வேறு ஆட்கள். ஆகவே மரம் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். கல் பற்றிய பேச்சு கல் தச்சர்களோடு சேர்ந்து வேலை செய்து தெரிந்துகொண்டது. இறுதி முடிவுக்கு முன் அவர்களில் ஒருவர் உங்கள் பாறையை நேரில் பார்க்கட்டும்.

முதலில் அந்தக் கால வித்தை ஒன்று. வெடிமருந்து புழக்கத்துக்கு வருவதற்கு முன்பு பாறையைப் பிளக்க, வரிசையாகக் குழி வெட்டி, அதில் நன்றாகக் காய்ந்த மர ஆப்புகளை இறுக அடித்து, மேலே தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். ஆப்பு நீரைக் குடித்து ஊதும், பாறை பிளந்துவிடும். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இதிலேயே இருக்கிறது. மரம் ஈரத்தை வாங்கும்போது விரிந்தே தீரும். அதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் கல் இருந்தால் கல் உடையும், அல்லது மரம் நசுங்கும். வறண்ட காலத்தில் மரம் சுருங்கும்போது ஒட்டிய பசை அதைப் பிடித்து வைத்தால் மரம் வெடிக்கும். பசை எவ்வளவு உறுதியோ அவ்வளவு பெரிதாக வெடிக்கும்.

எவ்வளவு அசையும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மரம் நீளவாக்கில் அநேகமாக அசைவதில்லை. நாருக்குக் குறுக்கே, அதாவது பலகையின் அகலத்தில்தான் அசைகிறது. மரத்தின் ஈரம் ஒரு சதவீதம் மாறினால் அகலம் ஏறத்தாழ 0.2 சதவீதம் மாறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரத்துக்கு மரம், பலகை அறுத்த விதத்துக்கு விதம் இது கூடும், குறையும். சேலத்தில் சித்திரை வெயிலில் வீட்டுக்குள் இருக்கும் மரத்தின் ஈரம் எட்டு சதவீதம் அளவுக்கு இறங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பதினான்கு வரை ஏறும். 600 மில்லிமீட்டர், அதாவது இரண்டடி அகலப் பலகையில் இந்த ஆறு சதவீத மாற்றம் ஏழு மில்லிமீட்டர் அசைவாக வெளிப்படும். அதே இரண்டடிக் கருங்கல் பதினைந்து டிகிரி வெப்பம் கூடினாலும் பத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. ஏழு மில்லிமீட்டர் நகர்கிறதையும் நகராததையும் முழுப் பரப்பிலும் ஒட்டிவிட்டு, இரண்டு மழைக்காலம் தாங்கும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மரம் வளர்ந்தது 1,500 மீட்டர் உயரத்தில், பாதி நாள் மூடுபனிக்குள். மேஜை வாழப்போவது 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில், கோடையில் நாற்பது டிகிரியை எட்டிப் பார்க்கும் ஊரில். மலையில் கொட்டகைக்குள் எத்தனை ஆண்டு காய்ந்த கட்டையானாலும் அது மலையின் காற்றுக்குத்தான் காய்ந்திருக்கும். கீழே வந்ததும் இன்னும் சுருங்கும். இதில் பலரும் ஏமாறுவது எங்கே என்றால், பச்சை மரம் ஈரத்தை இழக்கத் தொடங்கியதுமே சுருங்குவதில்லை. ஈரம் ஏறத்தாழ முப்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகே சுருக்கம் ஆரம்பிக்கிறது. அதனால் வெட்டி மாதக்கணக்கில் கீறல் இல்லாமல் நல்ல பிள்ளையாக இருக்கும் தடிக்கட்டை, மேஜையாகி வீட்டுக்கு வந்த பிறகு ஒரு இரவில் துப்பாக்கி வெடித்தாற்போல் பிளக்கும். பழுதான வேலை என்று ஆசாரியைத் திட்டுவார்கள், பழுது அவசரத்தில்.

ஆகவே செய்ய வேண்டிய முதல் காரியம், இன்றைக்கே கட்டையின் இரண்டு வெட்டு முனைகளிலும் கெட்டியாகப் பழைய பெயின்டோ மெழுகோ பூசுவது. முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக ஓடும். முதல் வெடிப்பும் அங்கேதான் வரும். அடுத்து, முழுக் கட்டையாக வைத்திருக்காமல் பலகையாக அறுத்துவிடுங்கள். மேஜைப் பலகைக்கு இரண்டரை அங்குலத் தடிமன் போதும். காய்ந்து இழைத்த பிறகு இரண்டு அங்குலம் மிஞ்சும். மரத்தின் நட்ட நடுப்பகுதி எந்தப் பலகையில் வருகிறதோ அது கட்டாயம் வெடிக்கும். அதை நடுவில் பிளந்து இரண்டு பலகையாக ஆக்குங்கள், அல்லது வெடிப்பையே வடிவத்தின் பகுதியாக ஏற்றுக்கொள்ளுங்கள். பலகைகளுக்கு இடையே ஒரே கனமுள்ள ரீப்பர்களை ஒன்றின் மேல் ஒன்று நேர்கோட்டில் வருமாறு வைத்து, நிழலில், காற்றோட்டத்தில் அடுக்கி, மேலே பாரம் ஏற்றுங்கள். சில மாதம் மலையிலும், மிச்சக் காலம் முழுவதும் சேலத்திலும் காயட்டும். எத்தனை மாதம் என்று கேட்டால் நாள் குறிக்க மாட்டேன். ஈரம் அளக்கும் கருவி இப்போது சாதாரணமாகக் கிடைக்கிறது. பலகையின் நடுவில் ஊசி குத்தி அளந்து, பத்து சதவீதத்தை ஒட்டி வந்து சில வாரம் மாறாமல் நின்றால் வேலையைத் தொடங்கலாம்.

தேய்பிறையில் வெட்டிய மரத்தில் உளு விழாது என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். உங்கள் மரம் தானாக விழுந்தது என்பதால் அந்த விவாதம் தேவையில்லை என்றாலும் என் கருத்தைச் சொல்கிறேன். மரத்துக்குள் இருக்கும் மாவுச்சத்துதான் வண்டுக்கு உணவு. அது பருவத்துக்குப் பருவம் மாறும், ஆகவே வெட்டும் காலத்துக்குப் பொருள் உண்டு. பிறைக்கு உண்டா என்பதை நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். உறுதியாகச் சொல்லக்கூடியது இது: பலாவின் வெளிக்கட்டை வெளுப்பாக, மென்மையாக இருக்கும், அதில் உளு விழும். வைரம் பாய்ந்த மஞ்சள் பகுதியில் அநேகமாக விழாது. பட்டையோரத்தின் இயற்கை வளைவு அழகாக இருக்கிறது என்று வெளிக்கட்டையோடு வைத்துக்கொள்ள விரும்பினால், காய வைப்பதற்கு முன்பே போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த கரைசலைப் பூசுங்கள். பட்டையை மட்டும் எப்படியும் உரித்துவிட வேண்டும்.

பலா நல்ல தேர்வு. மற்ற மரங்களோடு பார்த்தால் குறைவாகவே முறுக்கிக்கொள்ளும், உளிக்கு இணங்கும். அறுத்த அன்று கண்ணைப் பறிக்கும் மஞ்சளாக இருக்கும். பர்மாவில் பிக்குகளின் துவராடைக்குச் சாயம் இறக்கியது இந்தச் சிராய்களிலிருந்துதான். வெளிச்சம் பட்டுச் சில மாதங்களில் தேன் நிறம், பிறகு ஆழ்ந்த பழுப்பு. கல்லின் நிறத்தை இந்தப் பழுப்புக்குப் பொருத்தம் பார்த்து முடிவு செய்யுங்கள், இன்றைய மஞ்சளுக்கு அல்ல. தோட்டத்தில் காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கையும் பயன்படுத்தலாமா என்று கேள்வியின் கடைசியில் ஒரு வரி இருந்தது. அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். நாட்டு மரத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆரப்போக்கில், அதாவது மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி அறுத்தால் பளபளக்கும் செதில் போன்ற அழகான வரி தெரியும். ஆனால் காயும்போது வளையும், அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும். ஈட்டி மரம் (ரோஸ்வுட்) இருந்தால் தொடாதீர்கள். பட்டா நிலத்தில் நிற்கும் ஈட்டிக்கே 1994-இல் தனிச் சட்டம் வந்தது. 2017 முதல் அந்த மரப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் உண்டு. சாய்ந்த மரம்தானே, பலாதானே என்று லாரியில் ஏற்றிவிடாமல், அறுப்பதற்கும் கீழே கொண்டுவருவதற்கும் வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரச் சோதனைச் சாவடியில் நின்று விளக்கம் சொல்வது வீண் வேலை.

இனிக் கல். சேர்வராயன் மலையின் உடம்பே சார்னோக்கைட் என்னும் கல்தான். நீலம் கலந்த கருஞ்சாம்பல், சில இடங்களில் பச்சை சாயல், உடைத்த முகத்தில் எண்ணெய் தடவியது போன்ற மினுக்கு. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பதும் இதே வகைக் கல். சென்னைப் பக்கத்திலிருந்து போனது. எலுமிச்சை, புளி, ரசம் எதற்கும் அசையாது. பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் அப்படியல்ல, ஒரு துளி எலுமிச்சைச் சாறு போதும், மெருகு போய்விடும். சேலத்துக் கல்சட்டி செய்யும் மாக்கல்லையும் சிலர் பரிந்துரைப்பார்கள். அது மர உளியாலேயே செதுக்கக்கூடிய மென்மை கொண்டது. கைப்பழக்கத்துக்கும், மேஜைக் காலில் ஒரு சிறு உருவம் வைப்பதற்கும் அருமையான கல். மேற்பரப்புக்கு ஆகாது, சாவி உரசினால் கோடு விழும்.

தோட்டத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்த உருண்டைப் பாறைக்கு வெளியே பழுப்பாக ஒரு தோல் இருக்கும். பல காலச் சிதைவு அது. நிறம் அழகுதான், ஆனால் அந்தத் தோல் எடை தாங்காது, விளிம்பில் உதிரும். எடை இறங்கும் இடத்தில் அதை முழுவதுமாகப் பொளிந்து உள்கல்லைத் தொட வேண்டும்; சும்மா தெரியும் பக்கத்தில் விட்டுவைக்கலாம். மறைந்திருக்கும் விரிசலைக் கண்டுபிடிக்க, கல்லை நன்றாக நனைத்துத் துடைத்துவிட்டுக் காத்திருங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்து வெளுத்த பிறகும் எங்காவது ஒரு கோடு கறுப்பாகவே நின்றால் அங்கே விரிசல். சுத்தியலால் தட்டிப் பார்த்து மணி போல் ஒலித்தால் ஆண் கல், வெண்கல ஓசை தந்தால் பெண் கல், ஓசையே இல்லாவிட்டால் அலிக் கல் என்று ஸ்தபதிகள் பிரிப்பார்கள். சிலைக்கு எது ஆகும் என்பது அவர்கள் மரபு; அதில் நான் தலையிடவில்லை. மொத்தென்று ஒலிக்கும் கல்லுக்குள் விரிசலோ சிதைவோ இருக்க வாய்ப்பு அதிகம் என்பதை மட்டும் நம்பலாம். பாறை உங்கள் பட்டா நிலத்தில் இல்லாமல் புறம்போக்கில் கிடந்தால் எடுக்க வேண்டாம். கனிமவளத் துறையின் அனுமதி தேவைப்படும். அதற்குப் பதில் கிரானைட் பாலிஷ் பட்டறைகளின் பின்புறம் ஒதுக்கிப் போட்டிருக்கும் ஓரத்துண்டுகளை பில்லோடு வாங்குங்கள். ஒரு முகம் அறுத்தும் மறுமுகம் கரடாகவும் இருக்கும் அந்தத் துண்டுகள் சிற்ப வேலைக்கு நல்ல தொடக்கம்.

எதை எங்கே வைப்பது? அமுக்கினால் கல்லுக்கு நிகரில்லை. வளைத்தால் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்காமல் முறியும். தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் மண்டபத்தில் நின்று தூணுக்குத் தூண் இடைவெளியைப் பாருங்கள். கல் உத்திரம் அவ்வளவு தூரம்தான் தாண்டும் என்பது அந்தத் தச்சர்களுக்குத் தெரிந்திருந்தது. மரமோ வளைவைத் தாங்கும். ஆகவே பாறை காலாகவும் பலா மேற்பலகையாகவும் இருக்கட்டும். கல் தரையில் நிற்பதால் வீடு கழுவும் தண்ணீரும் கரையானும் மரத்துக்கு எளிதில் எட்டாது என்பது கூடுதல் லாபம். பழைய வீடுகளில் மரத்தூணுக்கு அடியில் கல் வைத்த காரணமும் அதுதான். மாறாக, மரக்கால் மேல் கல் பலகை வேண்டும் என்றால், நான்கடிக்கு இரண்டடி, 20 மில்லிமீட்டர் பலகையே நாற்பது கிலோ வரும். தடிமனை இரட்டித்தால் எண்பது. அதை நான்கு மூலையில் மட்டும் தாங்க விடாமல், உள்ளே ஒரு சட்டம் கொடுத்து நடுவிலும் தாங்க வேண்டும்.

இணைப்புதான் இந்த வேலையின் உயிர். மேஜையில் மரமும் கல்லும் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் நகராமல் கட்டப்பட வேண்டும், மற்ற எல்லா இடத்திலும் நகர இடம் வேண்டும். நான் செய்யும் முறை: கல் காலின் தலையில் டைமண்ட் பிட் கொண்டு, தண்ணீர் விட்டுக்கொண்டே, மூன்று துளை. அவற்றில் எவர்சில்வர் கம்பிகளை எபாக்சி வைத்து நிறுத்துவேன். எபாக்சிக்கு இங்கே இடம் உண்டு, ஏனென்றால் கம்பியும் கல்லும் அசையாத ஜாதி. பலகையின் அடியில் நடுத்துளையைக் கம்பியின் அளவுக்குச் சரியாகவும், பக்கத் துளைகள் இரண்டையும் நாருக்குக் குறுக்கே நீண்ட காடியாகவும் வெட்டுவேன். பலகை தன் எடையில் உட்காரும். நடுவைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் தாராளமாக விரிந்து சுருங்கும். சாதாரண இரும்புக் கம்பி வேண்டாம். துரு ஊதிக் கல்லைப் பிளக்கும், ஈரத்தில் மரத்தையும் கறுக்க வைக்கும். நம் ஊர்க் கோயில் கதவுகளும் இப்படித்தான். கதவின் குடுமி, அதாவது அது சுழலும் முனை, கல்லில் வெட்டிய குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஒட்டவில்லை, ஆணி அடிக்கவில்லை, நூற்றாண்டுகளாகச் சுழல்கிறது.

கரடான பாறை மேல் பலகை இடுக்கில்லாமல் பொருந்த வேண்டுமானால் கல்லைத் தொடாதீர்கள், மரத்தைக் கல்லுக்குப் பொருத்துங்கள். கல்லின் தலையில் செங்காவி பூசி, பலகையை மேலே வைத்து லேசாகத் தட்டி எடுத்தால், முட்டும் இடத்தில் மட்டும் சிவப்பு ஒட்டும். அதை உளியால் எடுத்துவிட்டு மறுபடி காவி, மறுபடி தட்டல். பொறுமையைச் சோதிக்கும் வேலை. என்னைக் கேட்டால் இந்த மேஜையில் சிற்பம் என்று சொல்லத் தகுந்த பகுதி இதுதான், பலகை பாறையிலிருந்தே முளைத்தது போல் நிற்கும். ஏற்காட்டிலேயே வைப்பதானால் இடையில் மெல்லிய கார்க்கோ தோலோ கொடுக்கச் சொல்வேன். அதிகாலையில் குளிர்ந்த கல் வியர்க்கும், அந்த ஈரம் மரத்தில் இறங்கும். சேலத்தில் அவ்வளவு தேவையில்லை.

பலகைக்குள் ஒரு கல் துண்டைப் பதிக்க ஆசை வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். மரம் சுருங்கும்போது அதில் வெட்டிய குழி பெரிதாகும் என்று எண்ணுகிறார்கள். குழியும் சேர்ந்தே சுருங்கும். மழைக்காலத்தில் இறுக்கமாகப் பதித்த கல்லைக் கோடையில் மரம் நெரிக்கும், நெரிக்க முடியாமல் தானே வெடிக்கும். பங்குனி, சித்திரையில், மரம் முழுக்க வறண்டிருக்கும்போது பதியுங்கள். மழையில் மெல்லிய இடைவெளி தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும். பலகையில் வெடிப்பு ஓடியிருந்தால் அதன் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவில் மரப்பூட்டு வைப்பது எனக்குப் பிடித்த முறை. அமெரிக்க மரவேலைக் கலைஞர் ஜார்ஜ் நகாஷிமா அதை உலகறியச் செய்தார். 1930-களின் இறுதியில் புதுச்சேரியில் கோல்கொண்டே விடுதிக் கட்டுமானத்தில் இருந்தவர் அவர், நமக்கு அவ்வளவு அந்நியரல்ல. வெடிப்புக்குள் நீல ரெசினை ஊற்றி ஆறு என்று சொல்வது இப்போது பெரிய நாகரிகம். என் கண்ணுக்கு அது ஒட்டவில்லை, ரசனை உங்களுடையது.

மரத்துக்கு எண்ணெய் பூசுவதானால் கல்லோடு சேர்ப்பதற்கு முன்பே பூசி உலர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் கல்லுக்குள் ஊறி விளிம்பைச் சுற்றி அழியாத நிழல் விழும். உருவச் செதுக்கு வேண்டுமென்றால் தம்மம்பட்டிக்குப் போங்கள். புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பம் அவர்களுடையது, கோயில் வாகனங்கள் செய்து பழகிய கைகள். கல் அறுக்கும் இடத்தில் நீங்களோ பிள்ளைகளோ நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம். உலர் அறுப்பில் பறக்கும் சிலிக்காத் தூள் நுரையீரலைக் கெடுக்கும், திரும்ப வராத கேடு அது. தண்ணீர் விட்டு அறுக்கிறார்களா, முகமூடி போட்டிருக்கிறார்களா என்று பார்த்துப் பட்டறையைத் தேர்ந்தெடுங்கள்.

செலவு பற்றி: கட்டையையும் பாறையையும் பார்க்காமல் தொகை சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்கும். இப்படிக் கேட்டால் உங்களுக்கே விளங்கும். மில் அறுப்புக் கூலி, கல் அறுப்பு, துளைக்குக் கூலி, பலகை இழைப்பு, கல்லுக்கு மரத்தைப் பொருத்தும் நாள் கூலி, ஏற்றி இறக்குவது என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பெரும் பங்கு பொருத்தும் நாள் கூலிக்குத்தான் போகும், போகவும் வேண்டும். பதினைந்து நாள் என்று சொன்ன பட்டறைக்காரரிடம் மரத்தின் ஈரம் எவ்வளவு இருக்கிறது, நீங்கள் அளந்தீர்களா என்று கேட்டுப் பாருங்கள். எண்ணைச் சொன்னால் மேற்கொண்டு பேசலாம். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்றால் பலகைகளை ரீப்பர் போட்டு உங்கள் வீட்டு மாடி நிழலிலேயே அடுக்கி வையுங்கள். அடுத்த சித்திரை வரை வேறு ஆளைத் தேட நேரம் இருக்கிறது.